முதல் ஐந்து நிமிடக் குளிர்

"உன் ஒட்டு விட்டுப்போச்சு நெரிடா. தண்ணி உள்ள பூந்துருச்சு. அதான் உன் தங்கச்சி போயிட்டா. ஊர்க்கதையெல்லாம் பேசுறியே, இதயும் போய்ப் பேசு."

"என் ஒட்டு விடாது டார்சி. அவ மேல வரணும்னு கேட்டிருப்பா, நீ விட்டிருக்க மாட்ட."

"கேக்கவே இல்ல. கேட்டா விடாம இருப்பேனா? நான் என்ன மனுசனா, மாடா?"

சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன் ஐயா, அப்போதுதான் உங்களுக்குக் கோர்வையாக வரும். டீயைக் குடியுங்கள், இந்த வீட்டில் எதுவும் சீக்கிரம் ஆறிவிடும். என் தங்கை மெரினைப் புதைத்த நாலாம் நாள், முக்குளிப்போர் சங்கத்துக் கூடத்தில் நடந்தது அது. முப்பது பேர் கையில் சிப்பிப் பையை, அதான் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பண்டத்தை, வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றார்கள். தபால் ஆபீஸ் ஜாய்ஸ் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஜாய்ஸின் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருபத்தாறு வருடமாக இந்த ஸ்கெரி குடாவில் முக்குளிப்பவர்களின் உடைகளைச் செப்பனிட்டுத் தருகிறேன். தண்ணீர் புகாத ரப்பர் உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும், உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளலாம். கிழிந்தால் ஒட்டுவேன், இடுப்பு பெருத்தால் துண்டு வைப்பேன். யார் இளைத்தார்கள், யாருக்குத் தொப்பை இறங்கியது, யார் மூத்திரத்தை அடக்கிக்கொண்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு உள்ளேயே போய்விடுகிறார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஜாய்ஸுக்குக் கடிதத்தின் வெளிப்பக்கம்தான் தெரியும். எனக்கு உள்பக்கம்.

நான் கடலில் இறங்கியதில்லை. காது வலி வரும். ஆனால் சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்தால், உடையை மாட்டிவிடும்போது குளிர்ந்த கடல் எப்படி இருக்கும் என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். இறங்கியதும் நெற்றியில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்துவதுபோல் வலிக்கும். உதடு மரத்து, வாயில் கவ்வியிருக்கும் காற்றுக்குழல் நழுவுவதுகூடத் தெரியாது. விரல்கள் வேறு யாருடைய விரல்களோ ஆகிவிடும். நடுங்கினால் கவலை இல்லை, உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, அடடா இதமாக இருக்கிறதே என்று தோன்றினால் உடனே மேலே வந்துவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் மேலே வரவேண்டும் என்ற புத்தியும் வேலை செய்யாது.

படகுக்காரன் டார்சி பக்கத்தில் நின்று சிரிப்பான். "நெரிடா சொல்றதக் கேட்டா பாத்ரூம்லகூடக் குளிக்க மாட்டீங்க. முதல் அஞ்சு நிமிஷந்தான் குளிர். அப்புறம் பழகிடும்."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சங்கத்துச் சுவரில் ரோஜா நிறக் கோப்பை ஒன்று தொங்கும், பிடிக்கும் காதில் வாத்துத் தலை வைத்தது. சொன்ன நேரத்துக்கு முன்னால் குளிர் தாங்காமல் மேலே வருகிறவர்கள் ஒரு மாதம் அதில்தான் டீ குடிக்க வேண்டும். அதன் வயிற்றில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டப்படும். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் வாத்தைப் பிடித்துக்கொண்டு டீ குடித்திருக்கிறார்கள். டார்சியின் பெயர் மட்டும் அதில் ஏறியதே இல்லை.

மெரின் பெயர் இரண்டு முறை ஏறியது. அவள் ஒல்லி, அரை மணி நேரத்தில் எலும்புக்குள் குளிர் போய்விடும். அந்த ஆகஸ்டில், இங்கே அது குளிர்காலம், தண்ணீர் பதினொரு டிகிரி. நாற்பதாவது நிமிடத்தில் குழலைத் துப்பிவிட்டு, பாறையில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். டார்சி தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

விசாரணையில் அவள் உடையைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. என் ஒட்டு நின்றது. டார்சி முகம் தொங்கிப்போய்ச் சொன்னான்: "நடுங்குற மாதிரி இருந்துச்சுங்க. மேல போலாமான்னு கையக் காட்டுனேன். மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா. மூணாவது தடவ அந்தக் கோப்பையில குடிக்க மாட்டேன்னு படகுலயே சொல்லிட்டுத்தான் எறங்குனா."

எவ்வளவு சுலபமாக ஒரு செத்தவள்மேல் பழியைத் திருப்பிவிட்டான் பாருங்கள். அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

பதினான்கு மாதம் கழித்து அவன் மனைவி ஷெரில் அவனுடைய உடையைக் கொண்டுவந்தாள். இடுப்புக்கு மேலே தையல் பிரிந்திருந்தது. ஹோபார்ட் நகரத்துக் கடைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும், அவனுக்குச் சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். "அவருக்கு நேர்ல வர மொகமில்ல நெரிடா. உனக்குக் கஷ்டம்னா விட்டுரு," என்றாள். கூடவே கறித்தூள் போட்ட சிப்பிப் பை ஒன்று, சூடாக. வாங்கி வைத்துக்கொண்டேன். நெரிடாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே பேசியது. ஜாய்ஸ்கூட.

தையலை நன்றாகத்தான் போட்டேன். முதுகின் கீழே, அவன் கண்ணும் கையும் எட்டாத இடத்தில், பசையைக் குறைத்து ஒட்டை மட்டும் கொஞ்சம் பட்டினி போட்டேன். உள்ளே கம்பளிகளைத் திணித்து, குளியல் தொட்டியில் அமுக்கிவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் முறை ஐந்து நிமிடத்தில் நனைந்துவிட்டது. அப்படி நனைந்தால் மனிதன் பதறி மேலே வந்துவிடுவான். பிரித்து மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முறைதான் எனக்குத் திருப்தியாக வந்தது. முதுகு ஈரமாவதே தெரியாமல், முக்கால் மணி நேரத்தில் கம்பளி முழுவதும் ஊறிவிடும்.

அதற்குமேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. குளிர்கிறது என்று நினைத்தவுடன் அவன் மேலே வந்திருக்கலாம். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். வெளியூர் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வாத்துக் கோப்பையில் டார்சி குடிப்பானா? அதை நம்பித்தான் அவ்வளவு சின்ன ஓட்டை போதும் என்று வைத்தேன்.

கூட இறங்கிய சிட்னிக்காரத் தம்பதி உங்களிடமே சொல்லியிருப்பார்கள். தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தானாம். அந்தப் பெண் மேலே போகலாம் என்று கட்டை விரலைக் காட்டியும் தலையை ஆட்டிவிட்டானாம். பிறகு நடுக்கம் நின்று, குஷியாகிவிட்டானாம். நேரம் முடிந்ததும் அவர்களைக் கயிற்றைப் பிடித்து மேலே அனுப்பிவிட்டு, நங்கூரத்தை எடுக்க, கயிறு கயிறாய் வளர்ந்த கடல்பாசிக் காட்டுக்குள் போனான். கால் சிக்கிக்கொண்டது. பாசியை அறுக்கும் கத்தி தொடையில் கட்டிய உறையிலேயே இருந்தது. உறையின் பட்டையைத் தள்ள விரல் வேலை செய்யவில்லை.

இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். டார்சியின் சாவைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை ஷெரில் காட்டினாள். 'கவனக்குறைவாகச் செய்யப்பட்ட செப்பனிடுதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள் ஐயா. என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மூன்று முறை சோதித்துப் பார்த்த வேலை அது. தானாக விடவில்லை, நான்தான் விட வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஷெரில் இப்போது இங்கே இல்லை. சிப்பிப் பை சுடும் பேக்கரி கிரெய்கைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே கெய்ர்ன்ஸுக்குப் போய்விட்டாள். அங்கே கடல் வெந்நீர் மாதிரி இருக்குமாம். சிப்பிப் பையும் அவர்களோடு போய்விட்டது. ஊரில் டார்சியை நினைத்து அழுதவர்களைவிடப் பையை நினைத்து அழுதவர்கள் அதிகம். புறப்படுவதற்கு முந்தின நாள் சங்கத்துக் கூடத்தில் டார்சியின் சாமான்களை எடுத்துவிட்டு வந்தாள். கையில் அந்தக் கோப்பை.

"இத மொதல்ல யாரு கொண்டாந்து மாட்டுனது நெரிடா?" என்று கேட்டாள்.

"நான்தான். ஹோபார்ட்ல பழைய சாமான் கடையில பாத்தேன், வாத்து நல்லா இருந்துச்சு."

"அப்ப இந்தச் சீட்டெல்லாம்?"

"என் கையெழுத்துதான். வேற யாருக்கு இங்க எழுத்து நல்லா இருக்கு?"

மெரினின் பெயர் இருந்த இரண்டு சீட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கோப்பையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடத் தெரியவில்லை. இப்போது நான் டீ குடிப்பது அதில்தான், பாருங்கள், வாத்தின் மூக்கு மட்டும் லேசாக உடைந்திருக்கிறது. சும்மா சிரிப்பதற்காக மாட்டிய கோப்பை ஐயா. அதற்குப் பயந்துகொண்டு யாராவது குளிரிலேயே கிடப்பார்களா?