நூறு வலிப்புக்காரர்கள்

காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள், அதிகாரி அம்மா. ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி ஆள் வருவதே அபூர்வம்.

எங்கள் மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், எண்பது நாள் கூடும். பிறகு உறுப்பினர்கள் கோதுமை விதைக்கப் போய்விடுவார்கள். ஆகவே அந்த எண்பது நாளும் சட்ட வாசகம் எழுதுகிற நான்தான் கடவுள். குறைத்துத்தான் சொல்கிறேன்.

கைதிகளுக்கான மருந்துக் கொள்முதல் சட்டம் என் கைவேலை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதால், ஒரு சிறையில் நூறு பேருக்காவது இருக்கும் நோய்க்கே மருந்து வாங்கலாம் என்று எழுதினேன். நூறு பார்க்க அழகாக இருந்தது. பாதி உறுப்பினர்கள் தூங்கினார்கள். மீதிப் பேர் அவர்களை எழுப்பிவிடாமல் மெதுவாகக் கைதூக்கினார்கள்.

எல்க் ஃபோர்க் சிறைக்கு மூட்டுவலி மாத்திரை லாரி லாரியாகப் போனது. வலிப்பு மாத்திரை நின்றது. அங்கே வலிப்பு லோனி ப்ரிட்செட் ஒருவருக்குத்தான். டிராக்டர் திருடி உள்ளே வந்தவர்.

சிறை நர்ஸ் கிளாரிஸ் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஆர்வின், அந்த மனுஷன் வாரத்துக்கு ரெண்டு தடவ விழுறான்."

"ஒருத்தர்தானே, கிளாரிஸ்."

"பாக்கி தொண்ணூத்தொம்பது பேருக்கு நானே ஊசி போட்டு வரவழைக்கட்டுமா?"

"வந்தா நூறு பேர் கையெழுத்தோட மனு போடச் சொல்லு," என்றேன், விளையாட்டாக.

லோனி மனு எழுதிவிட்டார். மறுவாரம் மதியச் சாப்பாட்டில் தொண்ணூற்றொன்பது கைதிகள் ஒரே நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தார்கள். கொலைகாரர்கள், கள்ளநோட்டுக்காரர்கள், ஒரு முன்னாள் மேயர். மூன்று மாவட்டம் தள்ளி நிலநடுக்கம் பதிவானது என்பார்கள். நான் இரண்டு என்றே சொல்வேன். பிறகு எல்லோரும் எழுந்து, லோனியின் மனுவில் கையெழுத்திட்டு, மிச்சச் சூப்பைக் குடித்தார்கள்.

கிளாரிஸ் மனுவை என் மேசையில் வைத்தாள். "எண்ணிக்கோ. லோனியோட சேத்து சரியா நூறு."

எண்ணினேன். நூறுதான். ஆனால் விதிகளைப் புரட்டியதில் ஒரு கையெழுத்து செல்லாது என்று தெரிந்தது. சிவப்பு மையால் அடித்தேன்.

"அடப்பாவி, ஒன்னுதானே குறையுது. சட்டத்துல நூறைத் தொண்ணூத்தொம்பதா மாத்தேன்."

"சபை கூட இன்னும் இருபது மாசம் இருக்கு. இந்தா, பிஸ்கட் எடுத்துக்கோ."

எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பிஸ்கட்.

லோனி பொறுமையானவர். பதினோரு வாரம் காத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தார். அதன் பிறகு எழவில்லை.

யார் பெயரை அடித்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? லோனியின் பெயரைத்தான். மனு போட்டவரே தன் மனுவுக்கு ஆதரவாகக் கையெழுத்திடக் கூடாது. எங்கள் ஊரில் நாய் வளர்க்க உரிமம் கேட்டாலும் இதே விதிதான். அந்த நூறு பேரில் நிஜமாகவே வலிப்பு இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.

ஆனால் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா: என் சட்டம் வந்த பிறகு அந்தச் சிறையில் ஒரு வலிப்பு நோயாளிகூட இல்லை.