கமலாசனியின் இடது கால்

எங்கள் சனத்துக்கு ஒரு குணம் இருக்கிறது, ஐயா. டொக்டர் என்ன கேட்டாலும் "பரவாயில்லை" என்பார்கள். உயிர் தொண்டைக்குழிக்கு வந்தாலும் பரவாயில்லைதான். இதய நோயாளர்களை வைத்து ஆய்வு செய்கிறவனுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை.

என் ஆய்வு சின்ன விசயம்தான். இதயம் பலவீனமானவர்கள் திடீரென்று மூச்சு முட்டிச் செத்தால், "பழைய வருத்தம்தானே" என்று கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அவர்களில் பலரைக் கொல்வது இதயமல்ல, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறுகிற இரத்தக் கட்டி என்று நான் நெடுங்காலமாகச் சொல்லி வந்தேன். யார் கேட்டார்கள்? கட்டியைக் காட்டும் ஸ்கான் இயந்திரம் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. செத்தபின் நெஞ்சைத் திறந்து காட்டினால் மறுக்க ஆளிருக்காது.

வன்னியில் அதற்கு யாரும் சம்மதிப்பதில்லை. ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "சண்டையிலை துண்டு துண்டாப் பொறுக்கின சனம், டொக்டர். இனி முழுசாக் கிடைக்கிற உடம்பை வெட்டக் குடுக்க மாட்டம்." நியாயமான கதை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கமலாசனி கனகராயன்குளத்தில் வயல் செய்கிறவர். கணவர் சின்னராசாவோடு மாதந்தோறும் கிளினிக்குக்கு வருவார். எனக்கு அவரை நல்லாய்ப் பிடிக்கும்; இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் ஆய்வைப் பற்றி அக்கறையாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"நான் செத்தாத் திறந்து பாருங்கோ, டொக்டர். நாலு சனத்துக்கு உதவட்டும்" என்றார்.

சின்னராசா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உனக்கென்ன விசரே?"

மனிசி விடவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில், கணவரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டார், வெட்டுவதைத் தடுப்பதில்லை என்று. படிவத்தில் போட்ட கையெழுத்தை எங்கள் ஆட்கள் மாற்றுவார்கள். அந்த அம்மாள் முன் செய்த சத்தியத்தை மாற்ற மாட்டார்கள். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது.

அடுத்த கிளினிக்கில் கமலாசனி பரவாயில்லை என்று சொல்லவில்லை. "இடது கால் மட்டும் வீங்கிக் கிடக்கு. கெண்டைக்காலைத் தொடவே ஏலாது" என்றார். அழுத்திப் பார்த்தேன். காலில் கட்டி உறைந்திருக்கிறது என்று மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கும் விளங்கும்.

பக்கத்தில் நின்ற தாதி பிரியந்தினி, "ஊசி எடுக்கட்டே, டொக்டர்? அம்புலன்ஸுக்குச் சொல்லட்டே?" என்று கேட்டாள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி அலுமாரியில் இருந்தது. போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். பிழைத்தவரை வைத்து, சாவுக்குக் காரணம் இதுதான் என்று எப்படிக் காட்டுவது?

"இது இதயத்தாலை வாற வீக்கம். தண்ணி போற குளிசையைக் கூட்டுவம். வாட்டிலை படுக்கட்டும்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் மூச்சிளைப்புத் தொடங்கியது. "டொக்டர், இது வழமையான இளைப்பு இல்லை. வேற மாதிரிக் கிடக்கு" என்றார் கமலாசனி. எவ்வளவு சரியாகச் சொன்னார், பாருங்கள். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது, நான் கல்லில்லை. கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன். நாடி எப்படித் தளர்கிறது என்பதைத் தவறவிடவும் கூடாது.

சின்னராசா தலையில் அடித்து அழுதார். ஆனால் சத்தியத்தை மீறவில்லை. நெஞ்சைத் திறந்தபோது கட்டி நான் சொன்ன இடத்திலேயே கிடந்தது. சிறுபோக நெல் வெட்டியதும் சின்னராசா புது அரிசி கொண்டுவந்து தந்தார். "கடைசி மட்டும் அவவின்ரை கையை நீங்கள் விடேல்லை" என்று என்னைக் கும்பிட்டார். நான் அரிசியை வாங்கிக்கொண்டேன்.

பிரியந்தினி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. தெரிந்துகொண்டுதான் ஊசி போடாமல் விட்டேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், ஐயா. கமலாசனி சம்மதித்தவர். அதோடு, ஒரே ஒரு நெஞ்சைக் காட்டினால் உலகம் நம்பாது. புளியங்குளத்து விமலேஸ்வரியைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லையே. அவரும் முழுமனதோடு சம்மதம் தந்தவர்தான்.