வைக்காத ஆப்பு

பழைய டபுள் கெப் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயின்டைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் டயரை ஓர் உதை உதைப்பார்கள். உதைத்தால் டயர் என்ன சொல்லும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நான் கதவைத் திறந்து பிரேக் மிதியின் ரப்பரைப் பார்ப்பேன். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், தேய்ந்த ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது. புது ரப்பர் போட்டிருந்தால் இன்னும் சந்தேகப்படுவேன். கதவு ஆணிகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அது எங்கோ அடிபட்ட வண்டி. கடைசியாகக் கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பேன். வெள்ளத்தில் நின்ற வண்டி, எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஐயா, நீங்களும் ஒரு நாள் வாங்குவீர்கள், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு அலுப்பாக இருக்கும். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும். நம்பினால்தான் மற்றது புரியும்.

என் பெயர் அன்னலட்சுமி. பதுளை கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம். என் வீட்டுக்காரர் தங்கராஜா இருந்த காலத்தில் எங்களிடம் ஒரு வேன் இருந்தது. அதன் முன் இருக்கை மாமியாருக்கு. நான் பின்னால், பருப்பு மூடைக்கும் கைப்பிள்ளைக்கும் நடுவில். மாமியார் காலமான பிறகுதான் முன்னால் வந்தேன். வந்து நிம்மதியாகச் சாய்வதற்குள் அவரும் போய்விட்டார். அதற்கப்புறம் நானே ஓட்டப் பழகினேன். ஐம்பது வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு போனவளைப் பார்த்துக் கடைத்தெருவே மூக்கில் விரல் வைத்தது. வைத்த விரலை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் பாட்டுக்குப் போனேன்.

வேன் உயிரை விட்டபோது டபுள் கெப்தான் என்று முடிவு செய்தேன். முன்பாதி கார், பின்பாதி லொறி. முன்னால் மரியாதை, பின்னால் வியாபாரம், நடுவில் ஒரு கண்ணாடி. எனக்காகவே செய்த வண்டி மாதிரி இருந்தது. இறக்குமதி நின்று போயிருந்த வருஷங்கள் அவை, ஒவ்வொரு பழைய வண்டிக்கும் புதுப்பெண்ணின் திமிர் வந்திருந்தது. கண்டியிலும் குருநாகலிலும் தரகர்கள் என்னைக் கண்டதும், "ஐயா வரல்லையா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பொம்பளை தலையில் எதையாவது கட்டிவிடலாம் என்ற அவசரம் கண்ணில் தெரியும். அவரவர் மறைத்து வைத்திருந்த குறையை அவரவரிடமே எடுத்துச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கும் ஜௌபர் மட்டும்தான் என் தோளுக்குப் பின்னால் பார்க்காதவர். நான் மிதியைப் பார்த்து, ஆணியைப் பார்த்து, விரிப்பை முகர்ந்து முடிக்கும்வரை கைகட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"அக்கா, இஞ்சின் தங்கம். ஆனா ஒன்ன மறைக்க மாட்டேன். பின்பலகையில இந்தப் பக்கத்துக் கொக்கி தேஞ்சி ஈக்குது. ஏத்தத்துல பாரம் பின்னுக்குத் தள்ளினா பலகை தொறந்துக்கும். புதுசு கெடைக்கிற வரைக்கும் இத வைங்க."

கொய்யாக் கட்டையில் சீவிய ஓர் ஆப்பை என் கையில் தந்தார். பலகைக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் எங்கே செருக வேண்டும், கல்லால் எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டினார். நானும் அவர் முன்னாலேயே ஒரு முறை தட்டிப் பார்த்தேன். பிடித்து உலுக்கினேன், பலகை அசையவில்லை.

"ஆளுகள ஏத்தினா கட்டாயம் வைங்கக்கா," என்றார்.

வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுபோய், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, வீட்டுக்கு ஓட்டி வந்தேன். சில வாரங்களில் புதுக் கொக்கி வந்துவிட்டதாக ஜௌபர் சொல்லியனுப்பினார். நான் போகவில்லை. ஆப்பே போதுமாக இருந்தது. மூடைகளை யாரும் ஏற்றலாம், பலகையை மூடி ஆப்பை அடிப்பது மட்டும் என் வேலை. அப்போது என் மனதில் வேறு எந்த எண்ணமும் கிடையாது. இல்லாததை இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

என் மகன் பிரதீஷ் வங்கியில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கேட்டு வாங்கிப் போவான். அவனுக்கு டபுள் கெப் என்றால் முன்பாதிதான், பின்னால் ஒரு தொட்டி இருப்பதே ஞாபகம் இருக்காது. காலி வண்டிக்கு ஆப்பு எதற்கு என்று நானும் அவனிடம் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வண்டியில் ஏறினேன். இடது பக்க இருக்கை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. கால் குட்டையான ஆள். சாய்மானம் நிமிர்ந்திருந்தது. முதுகை நேராக வைத்து உட்காருகிற ஆள். வெயிலுக்கு இறக்கும் மடிப்பில் முகம் பார்க்கிற கண்ணாடி உண்டு, அது இறங்கியிருந்தது. பழைய வண்டிகளை வாசித்துப் பழகியவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

"முன்னுக்கு யாருடா வந்தது?" என்று காலைச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"நிரஞ்சலாம்மா. லுணுகல தோட்டத்து மாடசாமியண்ணன் மக. தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிக்கிறா. ஒங்ககிட்ட சொல்லத்தான் இருந்தேன்."

"பின்னுக்கு ஏறியிருக்கலாமே."

"பின்னுக்கா? அவ என்ன மூடையாம்மா?" அவன் சிரித்தான். "கல்யாணம் முடிஞ்சா எப்பவும் முன்னுக்குத்தான். நீங்க பின் சீட்டுல ராணி மாதிரி சாஞ்சிக்கிட்டு வாங்க. வண்டிய நான் ஓட்டுறேன். ஒங்களுக்கும் வயசாகுதுல்ல?"

அன்பாகத்தான் சொன்னான். அவன் அப்பாவும் அப்படித்தான், எதையும் அன்பாகவே பறித்துக்கொள்வார். நானும் சிரித்துவிட்டு அவனுக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக அன்னலட்சுமி செய்தாள் என்று ஊர் பேசும். பேசட்டும். நான் அப்படிப் பார்க்கிறவள் இல்லை. லயத்து வரிசை அறைகளில் அவர்கள் வீட்டுக்கே போயிருக்கிறேன். அவள் அம்மா கருப்பம்மா தந்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமே கிடையாது. நல்ல பிள்ளை. குனிந்து பேசும், நிமிர்ந்து நடக்கும்.

அன்று சனிக்கிழமை. லுணுகலையில் மிளகு எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். தொட்டி முழுக்க மூடைகள், பலகையோரம் ஓராள் ஒடுங்கி உட்காரும் இடம்தான் மிச்சம். தோட்டத்து ரோடு பிரியும் இடத்தில் அவள் பஸ்ஸுக்கு நின்றாள். பதுளையில் ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டமாம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன். பார்த்தும் பார்க்காதவள் போலப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

"வணக்கம்மா," என்று கும்பிட்டாள். முன்கதவுக்குப் பக்கத்தில் வந்தவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். இடது இருக்கையில் என் கைப்பை இருந்தது. பின் இருக்கையில் ஒன்றும் இல்லை. நான் பையை எடுக்கவும் இல்லை, எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"நான் பின்னுக்கு ஏறிக்கிறேம்மா," என்றாள்.

தோட்டத்தில் அது வழக்கம்தான். கடைக்காரர் வண்டி நின்றால் கேட்காமலே பின்னால் ஏறுவார்கள். மகனோடு வந்தால் முன்னால் உட்காருகிறவள், என்னோடு வந்தால் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என் மகனுக்குத்தான் தெரியவில்லை.

"சரி புள்ள," என்றேன்.

நானே இறங்கிப் போனேன். ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பலகையைத் திறந்தேன். அவளுக்குக் கைகொடுத்து ஏற்றினேன். அவள் கை குளிர்ந்திருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுகிற படங்கள் என்று ஒரு சுருளை நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஒங்களுக்குச் சிரமம்மா," என்றாள்.

"ஒரு சிரமமும் இல்ல. நல்லா சாஞ்சி இரு," என்றேன்.

பலகையை மூடினேன். கொக்கி பிடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆப்பு என் கையில் இருந்தது. கல்லும் காலடியில்தான் கிடந்தது. ஆப்போடு முன்னால் வந்து, அதை இடது இருக்கையில் என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பசறைக்கு முந்திய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். நான் வேகமாக ஓட்டினேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. நடுவில் இருந்த கண்ணாடியில் மூடைகளுக்கு மேலே அவள் தலை தெரிந்தது, சேலைத் தலைப்பால் போர்த்தியிருந்தாள். வளைவில் திரும்பும்போது சத்தம் போட்டாள்.

"அம்மா, பலக ஆடுதும்மா!"

கதவுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். ஆனாலும் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் கேட்டது. ஏற்றம் என்பதால் கியரைக் குறைத்தேன்.

அடுத்த சத்தம் பலகையுடையது. அதற்கப்புறம் கண்ணாடியில் தலை இல்லை.

நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். ஏற்றத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது, சில்லுக்குக் கல்லும் வைத்தேன். பின்னால் போய் முதலில் கொக்கியைப் பார்த்தேன். ஜௌபர் சொன்ன மாதிரியே கழன்றிருந்தது. மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரோடெல்லாம் மிளகு. இரண்டு மூடைகளும் அவளும் கீழே தேயிலைக்குள் கிடந்தார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

செத்த வீட்டில் கருப்பம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மொதலாளியம்மா, மழையில நிக்கிறாளேன்னு ஏத்திக்கிட்டு வந்தீங்களே," என்றாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

ஒருவேளை நான் எதுவும் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் உங்கள் ஆட்கள் கொக்கியைப் பார்த்துவிட்டு ஜௌபரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பழுதான வண்டியைத் தெரிந்தே விற்றார் என்று சொன்னார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லோரும் எனக்காகப் பதில் சொன்னார்கள். ஜௌபர் இந்தப் பொலிஸ் வாசலில் நின்று, ஆப்புக் கொடுத்ததையும் காட்டிக்கொடுத்ததையும் சொன்னார். என் மகன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"பொய் சொல்லாத! எங்கம்மாவுக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்? பாவம், ஒன்ன நம்பி வாங்குனாங்க!"

பாவம். அந்தச் சொல்லை அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இப்போது கடைத்தெரு முழுக்க அதே பேச்சுத்தான். ஹாலிஎல ஜௌபர் அந்தப் பொம்பளைக்கு நல்லா ஆப்பு வச்சிட்டான் என்கிறார்களாம். மூக்கில் விரல் வைத்தவர்கள் இன்றைக்கு எனக்காக உச்சுக்கொட்டுகிறார்கள். கண்டியிலும் குருநாகலிலும் எவனாலும் முடியாததை இந்த மனிதர் செய்துவிட்டார் என்று நான் எப்படி விடுவேன்? ஜௌபர் எனக்கு ஆப்பு வைக்கவில்லை. கையில் கொடுத்தார். வைக்காதது நான். அவரை விளக்கமறியலில் இருந்து விட்டுவிடுங்கள், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஆப்பு இந்தக் கைப்பைக்குள் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கொய்யாக் கட்டை, இன்னும் தேயவில்லை.

நீங்கள் நல்ல மனிதர். சற்று முன்பு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, அந்த நேரம் மழை, அவசரம். மறந்துட்டீங்க, அப்படித்தானே?" என்று கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குத் தண்டனை எவ்வளவு குறையும் என்று எனக்கும் தெரியும். வீட்டுக்கே போய்விடலாம். பிரதீஷ் கதவைத் திறந்து என்னைப் பின் இருக்கையில் உட்கார வைத்து மெதுவாக ஓட்டிப் போவான். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான்.

நான் மறக்கவில்லை ஐயா. பேனாவைத் திறங்கள். கொக்கி தேய்ந்தது தெரியும், ஏற்றம் தெரியும், அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதும் தெரியும். ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டே பலகையை மூடினேன். அவள் கூப்பிட்டதும் கேட்டது. ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் என் மகன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், எழுதி முடித்ததும் நீங்களே போய் அவனிடம் சொல்லுங்கள். அம்மாவை யாரும் ஏமாற்றவில்லை என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அது ஆறுதலாக இருக்கும்.