போதாத வளைவு

— சிரிக்காதீங்க பெனின். நான் சொல்லுதத கேட்ட பொறவுதான் கோட்டுத்துணி எடுக்க குழித்துறைக்குப் போகணும்.

— ஏட்டி, கோட்டு இல்லாம என்ன போட்டோவுல நிறுத்தப் பாக்கியா? ரெண்டு ஞாயிறு சபையில நம்ம கல்யாண அறிக்கைய வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாவது. தடை சொல்ல ஒருத்தன் இல்ல, கேட்டியா.

— ஒருத்தி இருக்கா. நானாக்கும்.

— ஜாஸ்பின்?

— பதினேழு வயசு வரைக்கும் எனக்கு மாதவிலக்கே வரல. திருவனந்தபுரத்துல கொண்டு காட்டுனாவ. குரோமோசோம் டெஸ்ட்டுல எக்ஸ் ஒய்னு வந்துது.

— அது... ஆம்பிளைக்கில்லா?

— ஆமா. வருஷாவருஷம் நானே ஸ்கூல்ல போர்டுல எழுதிப் போடுதேன். எக்ஸ் எக்ஸ் பெண், எக்ஸ் ஒய் ஆண். பிள்ளைங்க நோட்டுல எழுதி முடிக்குத வரைக்கும் ஜன்னலப் பாத்து நிப்பேன்.

— மக்கா, ஒண்ணும் விளங்கல. நான் கட்டடம் கெட்டுதவன். எனக்குத் தெரியுத மாதிரி சொல்லு.

— நீங்க தூணுக்கு கம்பி வளைப்பீங்கல்லா? வளைச்சாத்தான் தூரத்துல கெடக்குத ரெண்டு முனை பக்கத்துல வரும். டிஎன்ஏயும் அப்பிடியாக்கும். ஒரு புரதம் அதப் பிடிச்சு வளைக்கணும். வளைஞ்சாத்தான் அடுத்த ஜீன் வேலை தொடங்கும், வயித்துல கெடக்குத பிள்ளை ஆணா வளரும். எனக்குள்ள அந்தப் புரதம் பிடிக்குது. வளைவுதான் போதல.

— எவ்வளவு குறைவு?

— கொஞ்சந்தான். ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சு. ஆணா ஆகல, பொண்ணாப் பொறந்தேன்.

— அப்போ நீ பொண்ணுதானே!

— பொண்ணுதான். கர்ப்பப்பை உண்டு. கருமுட்டை இல்ல. சினைப்பை எடத்துல வளராமக் கெடந்த திசுவ, கேன்சர் ஆகும்னு ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டாவ. அம்மை சபையில அப்பெண்டிக்ஸ்னு சொன்னா. அதுக்குப் பொறவு வீட்டுல அதப்பத்தி ஒருத்தரும் மிண்டல. ஹார்மோன் மாத்திரை மட்டும் மாசாமாசம் என் மேசையில வந்து இருக்கும்.

— இவ்வளவுதானா? பயமுறுத்திட்டியே ஏட்டி! எனக்கு நீ போதும், கேட்டியா.

— நெசமாவா?

— நெசம். பிள்ளை இல்லியான்னு யாராவது கேட்டா, குறை எனக்குன்னு சொல்லிக்கிடுதேன். எனக்கென்ன வெக்கம்?

— அழப்பிடாதுன்னு நெனச்சுட்டுதான் வந்தேன். பாருங்க...

— கண்ணத் துடை மக்கா. இன்னையோட இது தீந்துது. எங்கம்மைக்கும் தெரியாண்டாம். நமக்குள்ளயும் இனி இந்தப் பேச்சு வேண்டாம். சாகுத வரைக்கும் உன்ட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ.

— அப்போ நாளைக்கு வாசிக்காண்டாம், பெனின். பத்து வருஷமா என்ட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேக்க ஒரு ஆள் வேணும்னுதான் உங்கட்ட சொன்னேன்.