கரட்டு ஓட்டத்துக்கு நான் செய்த ஏற்பாடு

எனக்கு மூட்டுவலி உண்டு, ஐயா. நாற்பத்தாறு வயதில் எம். புதுப்பட்டிக் கரட்டில், அந்த மொட்டைப் பாறைக் குன்றில், ஏறி ஓடுகிறவன் அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டம் ரெண்டு பர்லாங்குதான். ஆனால் முழுக்கச் செங்குத்து. கடைசித் திருப்பத்தில் நாக்குத் தள்ளிவிடும்.

வருஷா வருஷம் எங்கள் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற போட்டி அது. ஜெயிக்கிறவன் படம் அடுத்த வருஷக் காலண்டரில் வரும். முருகனும் லட்சுமியும் தொங்குகிற சுவர்களில் ஞானசீலன் என்கிற நானும் ஒரு வருஷம் தொங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ஆனால் ஐந்து வருஷமாக வெள்ளைத்துரை படமே வந்தது. வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிற பயல், ஆட்டுக்கால் அவனுக்கு. காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு மாதம் விடியலில் ஓடிப் பார்த்தேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். என்னைத் தயார் செய்வதைவிட என்னோடு ஓடுகிறவர்களைத் தயார் செய்வது சுலபம் என்று அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி வாத்தியார் நான்தானே. தினமும் எங்காவது ஒரு திரியைக் கொளுத்துவேன். 'உஸ்' என்று சீறல் கேட்டால் யோசிக்கக் கூடாது, குப்புற விழ வேண்டும்; தீ தலைக்கு மேலே போய்விடும். அறுபது நாளில், சோறு தின்றுகொண்டிருந்தாலும் விழுந்தார்கள். முதலாளி என்னை மெச்சினார்.

போட்டியன்று கடைசித் திருப்பத்துப் பாறைக்குப் பின்னால் என் மனைவி ஞானபூரணியைத் தீப்பெட்டியோடு உட்கார வைத்தேன். அவள் மேல் குற்றமில்லை. ஜெயிக்கிறவனுக்கு வெடி மரியாதை என்றுதான் சொல்லியிருந்தேன்.

"வெறுந் திரியால்ல இருக்கு, வெடி எங்க?" என்றாள்.

"வெள்ளைத்துரை தலை தெரிஞ்சதும் கொளுத்து. தொணதொணக்காத."

கொளுத்தினாள். எனக்கு முன்னால் ஓடிய ஏழு பேரும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். கண்கொள்ளாக் காட்சி, ஐயா. ஒவ்வொருவராகத் தாண்டி, அவசரமில்லாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

யாரும் கோபிக்கவில்லை. வெள்ளைத்துரைதான் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏமாத்திப்புட்டீகளே சார்வாள். இனிமே உங்க திரிக்கு எவன் விழுவான்?" என்று என் முதுகில் தட்டினான்.

மூன்று வாரம் கழித்து மருந்து அறையில் சீறல் கேட்டது. அது என் திரி அல்ல. அன்று நான் காலண்டர் போட்டோவுக்காகச் சிவகாசி போயிருந்தேன். பக்கத்தில் இருந்த செல்லக்கனி உடனே விழுந்துவிட்டாள்; முடி மட்டும் கருகியது. வெள்ளைத்துரை நின்றானாம். "சார்வாள், எங்கன ஒளிஞ்சிருக்கீக?" என்று சிரித்துக்கொண்டே தேடினானாம். ரெண்டு கண்ணும் போய்விட்டது.

மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்கள். உறுத்தாமல் இருக்குமா? போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு ஆரஞ்சுப் பழத்தை அவன் கையில் வைத்து, சீறல் கேட்டால் எப்படி விழ வேண்டும் என்று மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.