தும்பியின் தங்கச்சி

— அண்ணி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் டி.வி. ரூம் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்களேன்.

— இன்னா கன்னியப்பா, வெளையாடறியா? பஞ்சாயத்து சாவியை இந்தச் செங்கமலத்தை நம்பிக் குடுத்து வெச்சிருக்காங்க. நாளைக்குக் கருந்தும்பி சீரியல் ரெண்டாவது பாகம் ஆரம்பம். நம்ம மண்ணூர் சனமே குளிச்சு முழுகி வந்து குந்தும்.

— அதான் பயமா கீது.

— உனக்கின்னா பயம்? மொத பாகம் பூரா அவனுங்க இந்தியில கத்திக்கினு கெடந்தானுங்க. நீ டி.வி. பக்கத்துல நின்னுக்கினு ஒவ்வொண்ணா தமிழ்ல சொன்னே. இப்ப தமிழ்லயே வருதாம். உனக்கு வாய் வலி மிச்சம்.

— அண்ணி, சிரிக்கக் கூடாது. அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது.

— சொல்லு.

— எனக்கு இந்தி தெரியாது.

— பம்பாயில ஒரு வருஷம் இருந்தியேடா.

— தாராவியில, இட்லிக் கடையில. மாவாட்டறவன், கல்லாவுல குந்தறவன், துன்றவன் எல்லாம் நம்மாளு. பானின்னா தண்ணி, சலோன்னா நட. அவ்ளோதான் என் இந்தி.

— அடப்பாவி. அப்போ தும்பி மொகமூடி போட்டுக்கினது வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல்னு சொன்னியே?

— ஏன் மூஞ்சை மூடிக்கினு சண்டை போடறான்னு எல்லாரும் கேட்டுக்கினே இருந்தாங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— அந்த வேண்டுதல் பலிக்கணும்னு நம்ம கிளியம்மா கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்துச்சு.

— அது கூட பரவால்ல, முடி வளந்துடும். கதையில வர்ற அந்தப் போலீஸ்காரிதான் அண்ணி என்னை மாட்டி வுட்டுட்டா.

— தும்பியோட தங்கச்சி. அண்ணன் மாதிரியே கராத்தே போடுமே.

— தங்கச்சி இல்ல.

— பின்ன?

— ரெண்டு பேரும் கையைப் புடிச்சிக்கினு மொட்டை மாடியில நின்னாங்க. டி.வி. முன்னாடி பஞ்சாயத்துத் தலைவர் குந்திக்கினு இருக்காரு. காதல்னு சொன்னா, பொம்பளைங்க பாக்கற எடத்துல இன்னா இதுன்னு டி.வி.யை அணைச்சிடுவாரு. அதான் தங்கச்சின்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல.

— போன வாரம் விளம்பரத்துல அவ கழுத்துல மாலை போட்டானே.

— அதைத்தான் சொல்றேன். அன்னிக்கு ஜெயிச்சதுக்குப் போடற மாலைன்னு சொல்லித் தப்பிச்சேன். நாளைக்குக் கல்யாணம்னு அவனே தமிழ்ல வாயைத் தொறந்து சொல்லிடுவான். கூடப் பொறந்தவளையே கட்டிக்கிறான்னு ஊரே எழுந்து என்னை ஒதைக்கும். தொண்ணூத்தொண்ணு எனக்கு ஆவாத வருஷம்னு ஜோசியக்காரன் அப்பவே சொன்னான்.

— ஒதை வாங்கறது உன் பாடு. என் தங்கச்சி ரஞ்சனியை உனக்குப் பேசி வெச்சிருக்கோமே, அது இன்னா ஆவறது?

— அதை நெனச்சாதான் சோறு எறங்க மாட்டேங்குது. உங்கப்பா நாளைக்கு வடக்குப்பட்டுல இருந்து தட்டு மாத்த வர்றாரு. டி.வி. பாத்துட்டுதான் தட்டு மாத்தறதாம்.

— மாப்பிள்ளைக்கு இந்தி தெரியும், புதுசா வர்ற கம்பெனியில ஆபீசருங்க எல்லாம் வடக்கத்திக்காரங்க, போன உடனே சூப்பர்வைசர் ஆக்கிடுவாங்கன்னு அவரு சொல்லாத ஆள் பாக்கியில்ல.

— ரஞ்சனி என் மூஞ்சியில முழிக்க மாட்டா அண்ணி. வாரா வாரம் உங்க வூட்டுக்கு வந்து, டி.வி. ரூம்ல முன்னால குந்தி, தாவணியை வாயில அடைச்சிக்கினு கேப்பா. தும்பி அடி வாங்கினா அவ கண்ணுல பொலபொலன்னு தண்ணி வரும்.

— அது சிரிப்புடா.

— இன்னாது?

— அவ ஸ்ரீபெரும்புதூர்ல டீச்சர்கிட்ட இந்தி படிச்சு பரிட்சை எழுதினவ. மொத வாரமே உன் பவுசு தெரிஞ்சு போச்சு. வூட்டுக்கு வந்து நெசக் கதை ஒண்ணு சொல்லுவா, உன் கதை ஒண்ணு சொல்லுவா. எனக்கு உன்னுதுதான் புடிச்சது.

— அப்போ இவ்ளோ நேரம் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கினு இருந்தீங்களே.

— உன் வாயால வரட்டும்னுதான்.

— கல்யாணம் போச்சா அண்ணி?

— அவளையே கேளு. கதவுக்குப் பின்னாலதான் நிக்கறா. ரஞ்சனி, வாடி.

— வந்துட்டேன் அக்கா. இன்னா மாமா, எங்கப்பாகிட்டயும் கதைதான் சொல்லப் போறீங்களா?

— இல்ல ரஞ்சனி. தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். எனக்கு இந்தி தெரியாது, சூப்பர்வைசர் எல்லாம் ஆவ மாட்டேன், லைன்ல நிக்கற சாதா ஹெல்பர்தான்னு சொல்லிடறேன். அவரு பொண்ணு இல்லன்னு சொன்னாலும் சரி. உன்னை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, அதனாலயே ஏமாத்திக் கட்டிக்க மனசு வரல.

— நெசமா?

— வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியம்.

— தும்பி வேண்டிக்கினானே, அதே முருகனா?

— அது கதை. இது நெசம்.

— அப்போ எங்கப்பாவை நான் பாத்துக்கறேன். மாப்பிள்ளைக்கு இந்தி கத்துக் குடுக்க வூட்லயே டீச்சர் கீதுன்னு சொல்லிடறேன்.

— ஊர்க்காரங்களுக்கு இன்னா சொல்றது? நாளைக்கு எல்லாத்தையும் தமிழ்ல கேக்கப் போறாங்களே.

— தமிழ்ல வருதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

— நீதான். விளம்பரம் ஓடறப்போ, இனிமே தமிழ்லயே வருதுன்னுதானே சொல்றான்னு என்னைக் கேட்டே. ஊரே என் மூஞ்சியைப் பாத்துச்சு. பேப்பர்ல படிச்சிருப்பேன்னு நெனச்சிக்கினு, ஆமா ஆமா தமிழ்லதான்னு நானும் தலையாட்டினேன்.

— அந்த விளம்பரத்துல தமிழ்னு ஒரு வார்த்தை இல்ல மாமா, அது நான் விட்ட கதை. நாளைக்கும் இந்திதான் வரும், போய் அந்தத் தங்கச்சியை எப்படி மொறப்பொண்ணா மாத்தறதுன்னு யோசிங்க.