ஈரம் காயாத குட்டி

— குனி அக்கா, குனி! ஆடுகளை அந்தப் புதருக்குப் பின்னாடியே நிறுத்து.

— ஏண்டா டுபோ, காலங்காத்தால திருடன் மாதிரி பதுங்குற? காவல் காக்குற மான் காணாமப் போயிருச்சா?

— மெதுவா பேசு. அந்த முள்மரத்தடியில பாரு. இப்பதான் குட்டி போட்டிருக்கு.

— கண்ணுக்குக் கீழ இன்னொரு கண்ணு மாதிரி இருக்குமே, அந்த நாலுகண் மானா? தனியாவா நிக்குது?

— குட்டி போட மந்தையை விட்டு ஒதுங்கி வந்துரும். மூணு நாளா பின்னாலயே அலையுறேன். இப்ப இடது பக்கம் பாரு.

— ஐயோ, காட்டு நாய்! ஒண்ணு, ரெண்டு... ஆறு இருக்கேடா!

— இன்னும் மோப்பம் பிடிக்கல.

— கத்தி விரட்டேன்! துப்பாக்கி எதுக்கு வச்சிருக்க, முதுகு சொறியவா?

— சத்தம் கேட்டா தாய் மிரண்டு ஓடிரும். குட்டிக்கு நிக்கக்கூடத் தெரியல, ஈரமே காயல.

— வயர்லெஸ்ல ஆளைக் கூப்பிடு.

— கூப்பிட்டேன். வண்டி டானா ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதாம். நீ ஆடுகளோட வீட்டுக்குப் போ அக்கா.

— போறேன். மழை பொய்ச்ச வருசம் இந்த மானுக்குன்னு வேலி போட்டுப் புல்லை ஒதுக்குனீங்க. என் ஆடு பதினெட்டு செத்துச்சு. அப்ப யாருடா பதறுனீங்க?

— சண்டைக்கு இதுவா நேரம்? உலகத்துலயே இது ஐந்நூறுகூட இல்லங்குறாங்க.

— குட்டி எந்திரிக்குதா?

— முன்னங்கால் ஊணுது... விழுந்துருச்சு. அல்லாவே! நாய் தலையைத் தூக்கிருச்சு. வருது அக்கா, வருது!

— அந்தத் தாயைப் பாரேன். ஓடாம நக்கிக்கிட்டே நிக்குறா.

— சுடவும் முடியல, தாய் ஓடிருமே!

— தள்ளு.

— என்ன பண்ற? ஒத்தை ஆட்டைக் கல்லெறிஞ்சு பள்ளத்துப் பக்கம் விரட்டாத! நாய் பார்த்துரும்!

— பார்க்கட்டும். நீ வாயை மூடிக்கிட்டுக் குட்டியைக் கவனி.

— திரும்பிருச்சு... ஆறும் பள்ளத்துல இறங்குது. ஐயோ, ஆடு கத்துது அக்கா.

— எனக்கும் காது இருக்கு. குட்டி என்னாச்சு, அதைச் சொல்லு.

— மறுபடி விழுந்துருச்சு. இல்ல... இல்ல, நிக்குது! நாலு காலும் ஊணி நிக்குது! தாய் நடக்குறா, பின்னாலயே தள்ளாடிக்கிட்டுப் போகுது. புதருக்குள்ள போயிருச்சு அக்கா!

— மூக்கைத் துடை.

— உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? உன் ஆட்டுக்கு நான் பொறுப்பு. நாளைக்கே...

— என் ஆட்டை நான் ஏண்டா விடுறேன்? நாளைக்கு உன் மகளுக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு அறுக்கணும்னு என்கிட்ட விட்டுவச்சியே, அந்தக் கிடாடா அது. போ, உன் பொண்டாட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லு.